அறுபது எண்ணுவதற்குள்

கோரைவலசையில் இன்றைக்குப் போய் யாரைக் கேட்டாலும், எங்கள் ஊரில் நெட் அறுந்ததாகச் சரித்திரமே கிடையாது என்று மார்தட்டிச் சொல்வார்கள். யாருடைய மூச்சில் அது அறுந்துபோகாமல் நின்றது என்று கேட்டால் மட்டும், வெயில்ல வந்திருக்கிய, ஒரு சர்பத் குடிங்க என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். பேச்சை மாற்றுவதில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் பஞ்சவர்ணத்தின் கதையை ஊருக்கு வெளியே வைத்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

முன்னால் கடல், பின்னால் உப்பங்கழி, நடுவில் முந்நூறு வீடு, ஒரு ரேஷன் கடை, ஒரு பத்திரகாளி கோயில், ஓர் இ-சேவை மையம், இவ்வளவுதான் ஊர். கழிக்கு அக்கரையில் நிற்கிற டவரிலிருந்து நெட் காற்று வழியாக வந்து, இ-சேவை மையத்து மொட்டைமாடியில் இருக்கிற ஆன்டெனாத் தட்டில் இறங்கி, அங்கிருந்து வீடு வீடாகப் பிரிந்து போகும். கச்சான் என்கிற மேல்காற்று கிளம்பிவிட்டால் அந்தத் தட்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டும், லைன் போய்விடும். போனது போனதுதான் என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பவும் முடியாது; அரை நிமிடம், முக்கால் நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம், திரும்ப வந்துவிடும். ஒரு நிமிடம் மனிதர்களுக்கு ஒன்றுமே இல்லை, ஒரு பீடி பாதிகூட எரியாது. ஆனால் மெஷினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பதினைந்து பக்கம் நிரப்பிப் பதினாறாவது பக்கத்துக்குப் போகும்போது லைன் போனால், மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும் என்று கூசாமல் சொல்லும். ரேஷன் கடையில் கட்டைவிரலைக் கழுவிக் கழுவி வைத்துக் கிழவிகளுக்கு ரேகையே தேய்ந்துபோனது. துபாயில் இருக்கிற புருஷன்மார் போனில் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார்கள். கொட்டாவி விடுகிறாரா, திட்டுகிறாரா என்று தெரியாமல் பெண்டாட்டிமார் இந்தப் பக்கம் காத்துக் கிடப்பார்கள்.

பஞ்சவர்ணம் கடல்பாசி எடுக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருடம், ஒரே மகள் கௌசல்யா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு இரண்டாள் ஆழத்தில் முங்கினாள் என்றால், மற்றவர்கள் இரண்டு முறை மேலே வந்து போகிற நேரம் அவள் கீழேயே இருந்து நல்ல விலை போகிற மரிக்கொழுந்துப் பாசியாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு வருவாள். சொத்து என்று அவளுக்கு இருந்தது அந்த மூச்சு ஒன்றுதான்.

அங்கே பாசிக்குப் போகிற பெண்கள் எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் போவார்கள். ஒருத்தி கீழே, ஒருத்தி மேலே. கீழே போனவள் எண்ணக்கூடாது. எண்ணினால் பயம் வரும், பயம் வந்தால் மூச்சு ஓடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. எண்ணுவது மேலே வள்ளத்தில் இருப்பவளின் வேலை. விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டே வருவாள், ஒரு கைக்குப் பன்னிரண்டு கணு, ஐந்து சுற்று வந்தால் அறுபது, உடனே வள்ளத்தின் பக்கவாட்டில் கல்லால் மூன்று தட்டு. அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற பாசியைப் போட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். புருஷனை நம்பாத பெண்கள்கூட மேலே எண்ணுகிறவளை நம்புவார்கள், நம்பாமல் அந்தத் தொழிலே கிடையாது. பஞ்சவர்ணத்துக்கு மேலே எண்ணியவள் அடுத்த வீட்டுச் செவ்வந்தி. பதினெட்டு வருட ஜோடி.

அப்படி இருக்கும்போது, கௌசல்யாவின் நர்சிங் படிப்புக்கு வருமானச் சான்றிதழ் வாங்க பஞ்சவர்ணம் இ-சேவை மையத்துக்கு நடையாக நடந்தாள். மூன்று நாள், மூன்று முறையும் கடைசிப் பக்கத்தில் லைன் போனது. நாலாவது நாள் கடைசிப் பக்கம் வந்ததும், மேஜைமேல் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு போய்ச் சிவப்பு வந்ததும், அவள் ஆத்திரத்தில், தண்ணீருக்குள் போகும்போது செய்வதைப்போல மூச்சை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். விளக்கு சிவப்பாகவே இருந்தது. பக்கம் மட்டும் நகர்ந்தது, ரேகை ஏறியது, எண் வந்தது, சான்றிதழ் பிரிண்டரில் சூடாக இறங்கியது. அதற்குப் பிறகு அவள் மூச்சை விட்டாள், எல்லாம் போனது.

மையத்தை நடத்துகிற வில்லாயுதம் இரண்டு முறை சோதித்துப் பார்த்தான். அவள் மூச்சைப் பிடித்தால் லைன் இல்லாமலே எல்லாம் ஓடியது, விட்டால் நின்றது.

"யக்கா, ஒங்க மூச்சுலதான் நிக்கிது," என்றான்.

"அப்படியா? எனக்கு நேரமாச்சு, ஒல வச்சிட்டு வந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவள் சான்றிதழை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

விஷயம் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்தது. ஆச்சரியப்பட்டவர்கள் குறைவு, நாளைக்கு என் பென்சனுக்கு அவளைக் கொஞ்சம் வரச்சொல்லு என்றவர்களே அதிகம். ஊர்த்தலைவர் கருமலையான் கோயில் வாசலில் கூட்டம் போட்டார். கம்பெனிக்காரன் தை மாதம் கேபிள் இழுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான், அதுவரைக்கும் பஞ்சவர்ணம் ஊருக்காகப் பிடித்துத் தர வேண்டும், கரைக்கு வருகிற ஒவ்வொரு வள்ளத்திலிருந்தும் ஒரு கை மீன் அவள் வீட்டுக்கு என்று பேச்சானது. பஞ்சவர்ணம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கடல்ல எனக்கு அறுபதுதான் கணக்கு சித்தப்பா. கரையிலயும் அறுபதுதான். அறுபதுக்குள்ள லைன் வரலன்னா நான் மூச்ச விட்டுருவேன், யாரும் என்னையச் சொல்லக்கூடாது. எண்ணுறது செவ்வந்திதான் எண்ணணும்."

ஊர் சரி என்றது, பத்திரகாளி முன்னால் சூடம் ஏற்றியது. எண்ணுகிறவளுக்கும் ஒரு கை மீன் என்று செவ்வந்தியின் பெயரையும் சேர்த்துக்கொண்டது.

அதன்பிறகு கோரைவலசை அந்த அதிசயத்தைச் சாதம்போலப் பிசைந்து தின்று பழகிக்கொண்டது. சிவப்பு விளக்கு வந்ததும் வில்லாயுதம், மையத்துக்கு இழுத்து வைத்திருந்த கோயில் மைக்கில் விசில் அடிப்பான். விசில் கேட்டால் பஞ்சவர்ணம் எங்கே இருந்தாலும், அடுப்படியானாலும் குழாயடியானாலும், அப்படியே உட்கார்ந்து வாயை மூடிக்கொள்வாள். செவ்வந்தி ஓடிவந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, வள்ளத்தில் இருப்பதைப்போலவே, அவள் கண்ணில் படாமல் எண்ணுவாள். லைன் வந்துவிட்டால் இரண்டாவது விசில். வராவிட்டால் அறுபதில் தோளில் மூன்று தட்டு. பஞ்சவர்ணம் குனிந்து உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்தில் ரேஷன் கடையில் பருப்பு விழும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் திரையில் கணக்கு வாத்தியார் வகுத்தலை நிறுத்தாமல் வகுப்பார், மீன் ஏலம் விடுகிற குரூப்பில் தூத்துக்குடி விலை வந்து விழும், துபாய் புருஷன்மார் திறந்த வாயைத் தடையில்லாமல் மூடுவார்கள். ஆரம்பத்தில் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் உண்டு. பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து நெஞ்சில் ஊதச் சொன்னார்கள், ஒருத்தி எலுமிச்சம்பழ மாலைகூடப் போட்டாள். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், கும்பிடு எம்மாத்திரம்? ஆறு மாதத்தில், அவள் இருமினால்கூட, இந்தா விசில் அடிக்கிற நேரத்துல இருமாத என்று சொல்லத் தொடங்கினார்கள். ஐஸ் தண்ணி குடிக்காதே, அதிகமாகப் பேசாதே, சிரிப்பு மூட்டுகிறவர்களோடு சேராதே என்று ஆளாளுக்கு அவள் மூச்சுக்குப் பத்தியம் சொன்னார்கள்.

தை வந்தது, கேபிள் வரவில்லை. ஏன் வரும்? கம்பெனிக்காரனின் கம்ப்யூட்டரில் சுற்றுவட்டார ஊரெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்க, கோரைவலசை மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. ஊரிலிருந்து ஒரு புகாரும் போகவில்லை. அறுகிற இடத்தில் ஒரு பொம்பளை மூச்சைக் கொடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? இழுப்பதற்கு வைத்திருந்த கேபிளை வேறு ஊருக்கு இழுத்துவிட்டார்கள். கவனிப்பார் இல்லாமல் டவரில் துருவேறியது, தட்டு இன்னும் தாராளமாகத் தலையை ஆட்டியது. ஒரு நாளைக்கு எட்டு விசில் என்று இருந்தது இருபதாகி முப்பதானது, போன லைன் திரும்ப வர முன்னைவிட நேரமும் எடுத்தது.

விசில் கடலுக்குள் கேட்காது என்பதால் பஞ்சவர்ணம் முதலில் காற்று அடிக்கிற நாட்களில் மட்டும் கரையில் நின்றாள். பிறகு அவளாகவே கடலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விளையாட்டாகக் கடந்த அறுபது இப்போது நெஞ்சை அடைத்தது, காதுக்குள் உறுமியது, தோளில் தட்டு விழுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாற்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் நுரையீரல் கைவிட்டுவிட்டதே, அறுபதுக்கே முட்டுகிறவள் இரண்டாள் ஆழத்தில் என்ன செய்வாள், எந்த முகத்தோடு வள்ளத்தில் ஏறுவாள் என்று நினைத்து நினைத்து மருகினாள். ஒருநாள் தாங்க முடியாமல் செவ்வந்தியிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

"எம் மூச்சு போச்சுடி. அறுபது தாங்கல. நான் இனிமே கடலுக்கு ஆகமாட்டேன்."

செவ்வந்தி தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "வயசாகுதுல்லடி. எல்லாருக்கும்தான். கடலு எங்க போயிரும், விடு," என்றாள். பஞ்சவர்ணம் தன்னுடைய கண்ணாடியையும் சாக்கையும் அன்று சாயங்காலமே அவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

மதுரை ஹாஸ்டலிலிருந்து கௌசல்யா ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவாள். கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் விசில் வரும். லைன் அறாமல் இருக்கத் தாய் மூச்சைப் பிடிப்பாள். மகள் தெளிவாகத் தெரிவாள், தெளிவாகக் கேட்பாள், ஆனால் தாய் பேச முடியாது. ஊரில் எல்லோரும் அவள் மூச்சில் பேசினார்கள், அவள் மகளோடு மட்டும் தலையாட்டிப் பேசினாள். சாப்பிட்டியா என்று கேட்கக்கூட வாயைத் திறந்தால் பிள்ளை போய்விடும். கௌசல்யாவும் சளைக்காமல் அந்த நேரம் முழுக்க ஹாஸ்டல் கதை, வார்டன் கதை, வாந்தியெடுத்த நோயாளி கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கதை சொல்வதை நிறுத்திவிட்டுத் திரையையே உற்றுப் பார்த்தாள். லைன் வந்து, செவ்வந்தியும் எழுந்து போன பிறகு கேட்டாள்.

"அம்மா, ஒதடு நீலமா இருக்கு. எவ்வளவு நேரம் மூச்ச புடிச்சீங்க?"

"அறுபது எண்ணுற நேரம்தான். எனக்குத்தான் இப்ப அதுவே முடியலயே."

"அறுபதா? கால் பேசுற நேரம் கீழ ஓடுதும்மா. மூணு நிமிஷம் பத்து செகண்டுல வாய மூடுனீங்க, நாலு அம்பத்திரெண்டுலதான் தெறந்தீங்க. நூத்திரெண்டு செகண்டு. எங்க காலேஜ்ல நல்ல நீச்சல்காரங்களுக்கே அது வராது. செவ்வந்தி அத்தை ஒங்க பின்னாடி உக்காந்து எண்ணுறாங்கள்ல, ஒரு வெரல்லயே ரொம்ப நேரம் நிக்கிறாங்கம்மா. வாசப் பக்கம் பாக்குறாங்க, பெறகு அடுத்த கணுவுக்குப் போறாங்க."

பஞ்சவர்ணம் நம்பவில்லை. மகளைத் திட்டினாள், பதினெட்டு வருசமா என் உசுர எண்ணினவள என்று சண்டைக்கே போனாள். ஆனால் அடுத்த வாரம் முழுக்க மகளை நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிடச் சொன்னாள். தொண்ணூற்றெட்டு என்று வந்தது. நூற்றேழு என்று வந்தது. ஒருநாள் நூற்றிருபதைத் தொட்டது. அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்; என் மூச்சு போகவில்லை, முன்னைவிட இரண்டு மடங்காகியிருக்கிறது என்று நெஞ்சு குதித்தது. அந்தச் சந்தோஷம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. அதற்குப் பின்னால் ஆத்திரம் வந்தது, எழுந்து அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

செவ்வந்தி அருவாமனையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"செவ்வந்தி, ஒரு நிமிசத்துக்கு எத்தன எண்ணுவ?"

"இது என்னடி கேள்வி? அறுபது."

"ஒன்னே முக்கா நிமிசத்துக்கு?"

அருவாமனையில் மீன் அப்படியே நின்றது. செவ்வந்தி பொய் சொல்லப் பார்த்தாள், அவளுக்கு வரவில்லை.

"மொத தடவ அபிநயாவோட நெட் பரீச்சைக்குத்தான்டி," என்றாள். அபிநயா அவள் மகள். "புள்ள கடைசிக் கேள்வில இருக்கு. அம்பத்தெட்டு வந்துருச்சு, லைன் வரல. அம்பத்தெட்டுலயே கொஞ்சம் நின்னுட்டேன். பெறகு தலைவரு வந்து ரேசனுக்குக் கேட்டாக. பெறகு பென்சனுக்கு. ஒவ்வொருத்தரும் இன்னைக்கு மட்டும் இன்னைக்கு மட்டும்னாக. எனக்கும் ஊரப் பகைக்க முடியல."

"அப்ப ஊருக்கே தெரியும்."

செவ்வந்தி மீனைத் திருப்பிப் போட்டாள்.

"எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலயேடி."

"கேட்டா நீ தரமாட்டியே."

"நான் மூச்சு போச்சுன்னு ஒங்கிட்ட அழுதேன். ஒம் முந்தானையால மொகத்தத் தொடச்சுவிட்டியே. அப்பக்கூட ஒனக்குச் சொல்லத் தோணலயா? என்னைய நானே கெழவின்னு நெனச்சுக் கடல விட்டேன். எஞ் சாக்க வாங்கி ஒம் பரண்ல வச்சியே பாவி!"

"நான் என்னடி பண்ணட்டும்? ஒன்னைய விட்டா ஊருக்கு யாரு இருக்கா?"

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பஞ்சவர்ணம் நேரே கருமலையானிடம் போனாள். அறுபதுன்னு பேசுனது நெசந்தான் தாயி, ஆனா எழுதி வைக்கலயே என்றார் அவர். கம்பெனியில் கேபிள் கேளுங்க என்றாள். கேட்டா நம்ம ஊரு பச்சையா இருக்குன்னு சிரிக்கிறான் என்றார். எண்ணுகிற ஆளை மாற்றுங்கள் என்றாள். செவ்வந்திதான் எண்ணணும்னு நீதான சொன்ன என்றார். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். அன்றிலிருந்து மீன் கொண்டுவந்து வைத்தவர்களிடம் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். ஊரில் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். நூறு எண்ணும்வரைக்கும் அவள் திணறியதைப் பார்த்துக்கொண்டே பருப்பு வாங்கிய முகங்கள். எல்லாவற்றையும்விட அந்த முந்தானைதான் அவளை எரித்தது.

வெள்ளிக்கிழமை அபிநயாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கப்பலில் வேலை, ஆப்பிரிக்கா பக்கம் எங்கேயோ கடலில் இருந்தான். ஊர் நடுவில் பந்தல் போட்டு, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, அதில் மாப்பிள்ளையை வரவழைத்து, அவன் பார்க்க லக்கினப் பத்திரிகை வாசிப்பதாக ஏற்பாடு. வாசிக்கும்போது மாப்பிள்ளை முகம் மறைந்தால் சகுனத்தடை என்று சம்பந்தி வீட்டார் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை செவ்வந்தி வந்து பஞ்சவர்ணத்தின் காலைப் பிடித்தாள்.

"எனக்கு என்ன தண்டன வேணாலும் குடு. எம் புள்ளைக்கு நாளைக்கு ஒரு நாளு புடிச்சுக் குடு. நூறு வேணாம், அறுபது போதும். சத்தியமா அறுபதுதான் எண்ணுவேன். ஒன்னைய விட்டா எனக்கு நாதி ஏதுடி?"

பஞ்சவர்ணம் காலை இழுத்துக்கொண்டாள். அபிநயாவை அவள்தான் குளிப்பாட்டி வளர்த்தாள். ஆனாலும் பிடிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். போகாமல் வீட்டில் இருந்துகொண்டு விடுவது திருட்டு; முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, மூக்கால் இழுத்து வாயால் விடப்போகிறேன், யாருடைய மூச்சு இது என்று இந்த ஊர் ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று இருந்தாள்.

வெள்ளிக்கிழமை முற்பகலிலேயே கச்சான் பேயாக வீசியது. பந்தலுக்குள் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பாசிக்குப் போகிற பெண்கள் முப்பது பேரும் பட்டுக் கட்டி, பூ வைத்து, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வில்லாயுதம் மையத்துப் பெட்டியையும் மைக்கையும் பந்தலுக்கே கொண்டுவந்து வைத்திருந்தான். வேட்டித் திரையில் மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். கருமலையான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையை விரித்து, நிகழும் மங்களகரமான என்று தொடங்கினார். விசில் அடித்தது.

பஞ்சவர்ணம் முன்வரிசையில் இருந்தாள். அத்தனை கண்ணும் அவள்மேல் திரும்பியது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கு நிறைய இழுத்து, வாயைத் திறந்து, புஸ்ஸென்று விட்டாள். திரும்பவும் இழுத்தாள், திரும்பவும் விட்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. இந்தா பார்த்துக்கோங்க என்று திரையைக் காட்டினாள்.

திரையில் மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டே இருந்தான். தடவிய கையை எடுத்து மூக்கைச் சொறிந்தான். பக்கத்தில் நின்ற கப்பல்காரனிடம் என்னவோ சொல்லிச் சிரித்தான், சிரிப்புச் சத்தம் பந்தலில் தெளிவாகக் கேட்டது.

பெட்டியில் விளக்கு சிவப்பாகத்தான் இருந்தது. வில்லாயுதம் தலை குனிந்திருந்தான். கருமலையான் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் மெதுவாகப் பின்னால் திரும்பினாள். செவ்வந்தி உதட்டை இறுக்கி மூடியிருந்தாள், கன்னம் உப்பியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவளுக்கு அடுத்தவளும் அப்படியே இருந்தாள். அவளுக்கு அடுத்தவளும், அதற்கடுத்த வரிசையும், அதற்கடுத்த வரிசையும். பாசிக்குப் போகிற முப்பது பெண்களும் வாயை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பிடித்தாலே போதும். ஆனால் யார் பிடிப்பது என்று பேசி வைத்துக்கொள்ளாததால் எல்லோருமே பிடித்துவிட்டார்கள்.

"எப்பலேர்ந்துடி?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

 பதில் சொல்ல வாயைத் திறந்தால் மாப்பிள்ளை போய்விடுவான். முப்பது ஜோடிக் கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன, சில கண்களில் தண்ணீர்கூட இருந்தது, அது வெட்கத்தினாலா மூச்சு முட்டியதாலா என்று சொல்ல முடியாது. அவள் வரிசையாக நடந்துகொண்டே ஒவ்வொருத்தி பெயரையும் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொருத்தியாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

இரண்டாவது விசில் அடித்தது. முப்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டதில் பந்தல் ஜாலர் ஆடியது.

"மொத வாரத்துலேர்ந்து," என்றாள் செவ்வந்தி, இரைத்துக்கொண்டே. "அவுக அவுக வீட்டுக்குள்ள கதவச் சாத்திட்டுப் புடிச்சுப் பாத்தோம். எல்லாருக்கும் நின்னுச்சு. நீ கௌசல்யாவ ஹாஸ்டல்ல விடப் போன ரெண்டு நாளும் நான்தான் புடிச்சேன்."

"பெறகு ஏன்டி சொல்லல? ஆளுக்கு ஒரு நாளு புடிச்சிருந்தா நான் கடல விட்டிருப்பேனாடி?"

செவ்வந்தி சேலைத் தலைப்பைத் திருகினாள். பின்வரிசையிலிருந்து வேறொருத்திதான் பதில் சொன்னாள், சண்டை போடுகிற குரலில்கூட இல்லை, இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

"சொன்னா நாங்களும் புடிக்கணுமே. அதான் நீ இருக்கியேன்னு இருந்துட்டோம்."

"ஹலோ, ஹலோ, நான் பேசுறது கேக்குதா?" என்றான் மாப்பிள்ளை திரையிலிருந்து.

"நல்லாக் கேக்குது மாப்ள. ஒண்ணுமில்ல, பொம்பளையாளுக பேச்சு," என்று சொல்லிவிட்டுக் கருமலையான் விட்ட இடத்திலிருந்து பத்திரிகையை வாசிக்கத் தொடங்கினார்.

பஞ்சவர்ணம் பந்தலை விட்டு வெளியே வந்து செவ்வந்தி வீட்டுப் பரணிலிருந்து தன் சாக்கையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து தனியாகக் கடலுக்குப் போனாள். நான் மேலே எண்ணுகிறேன் என்று இரண்டு மூன்று பேர் வந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். எண்ணுவதற்கு ஆளில்லாமல் கீழே போய், போதும் என்று அவளுக்குத் தோன்றும்போது மேலே வந்தாள். நிறையப் பாசி எடுத்தாள். முன்பு எடுத்ததைவிட நிறைய.

கோரைவலசையில் இப்போது தெருவாரியாக முறை வைத்துப் பிடிக்கிறார்கள். ஆளுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் வருகிறது, ஒருத்திக்கும் உதடு நீலமாவதில்லை, எண்ணுவதும் சரியாக இருக்கிறது. கம்பெனிக்காரன் வந்து, மாவட்டத்திலேயே சிறந்த இணைப்பு என்று ஒரு கேடயம்கூடக் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கிறது. சாயங்காலம் பஞ்சவர்ணம் ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு வழியாக வரும்போது மட்டும், வாசலில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற பெண்கள் இரண்டு பக்கமும் சட்டென்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, அவள் கடந்து போகும்வரை மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். விசில் ஒன்றும் அடிக்கவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.